நிற்க வைத்த ஓடுகள்

சூளையிலிருந்து எடுத்த நானூறு ஓடுகள் மாட்டுவண்டிக்குப் பக்கத்தில் காத்திருந்தன. முன்பு இரண்டு முறை அனுப்பியதில் பாதிக்குமேல் வழியிலேயே நொறுங்கிவிட்டன. இதுதான் கடைசித் தடவை என்று படகுத்துறை வியாபாரி சொல்லியனுப்பியிருந்தார். அதுவரை அந்த ஊரிலிருந்து வெளியே விற்கப் போனது விறகு மட்டும்தான். விறகு உடைந்தாலும் விறகுதான்.

"இதுவும் உடைஞ்சா இனிமே சூளைக்கு நெருப்பு வைக்க மாட்டேன். மறுபடி மரம் வெட்டப் போயிடலாம்," என்றான் சூளைக்காரன். அவன் தம்பி ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைக்க ஆரம்பித்தான்.

"இருப்பா. நிக்க வை," என்றாள் சூளைக்காரனின் மனைவி.

போன தடவை வண்டியோடு போயிருந்தபோது அவள் ஒன்றைக் கவனித்திருந்தாள். அடியில் படுத்திருந்ததெல்லாம் தூளாகிக் கிடக்க, சரிந்து பக்கப் பலகையோடு நிமிர்ந்து நின்ற நாலு ஓடுகளில் ஒரு கீறல்கூட இல்லை.

"ஏன் அண்ணி, அவ்வளவு தூரம் நின்னுக்கிட்டே போனா ஓட்டுக்குக் கால் வலிக்காதா?"

"உன்னைப் படுக்க வெச்சு மேல நாப்பது பேரை ஏத்தினா தெரியும், எது வலிக்கும்னு."

வண்டிக்காரர் சிரித்துவிட்டார். கணவன் சிரிக்கவில்லை; வைக்கோலை அள்ளி அவளிடம் நீட்டினான். கை நுழைய இடமில்லாதபடி இடுக்கெல்லாம் திணித்துவிட்டு, அவள் கொழுந்தனோடு வண்டியேறினாள். ஒவ்வொரு பள்ளத்திலும் திரும்பி ஓடுகளைப் பார்த்துக்கொண்டாள்.

துறையில் வியாபாரி ஒவ்வொரு ஓட்டையும் விரல் முட்டியால் தட்டினார். நல்ல ஓடு கணீரென்று பேசும். விரிசல் விட்டது தொண்டை கட்டியதுபோல் இருக்கும். ணங். ணங். ணங். நூறு தாண்டியது. இருநூறு தாண்டியது. நானூறு முடிந்தபோது ஒதுக்கி வைத்தவை இரண்டு.

"என்னம்மா, மண்ணை மாத்திட்டீங்களா?"

"அதே மண்ணுதாங்க. ஏத்துறதை மாத்திட்டோம்."

"மாசத்துக்கு எத்தனை வண்டி அனுப்புவீங்க?"

"உங்க படகு எத்தனை தாங்கும்? அதைச் சொல்லுங்க முதல்ல."

தன் குரலா அது என்று அவளே ஒரு கணம் திகைத்தாள்.

திரும்பும்போது கொழுந்தன் காலி வண்டியில் உட்காரவே இல்லை. தலையெல்லாம் வைக்கோலோடு, பலகையைப் பிடித்தபடி நின்றுகொண்டே வந்தான். "வலிக்கலை அண்ணி," என்றான்.

ஊருக்கு இன்னும் ஒரு திருப்பம் இருந்தது. செய்தி சொல்ல யாரும் முன்னால் போயிருக்கவில்லை. ஆனாலும் மரங்களுக்கு மேலே, சூளை இருக்கும் திசையில், புதுப் புகை நேராக எழும்பிக்கொண்டிருந்தது.