பிறந்த நாள் வாங்க வந்தவர்கள்

எங்கள் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது தொண்ணூற்றொன்றாம் வருஷம், தீபாவளிக்கு அடுத்த வாரம். முதியோருக்கும் விதவைகளுக்கும் மாதாமாதம் உதவித்தொகை அனுப்புகிற சின்ன ஆபீஸ், தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. வருகிற கிழவிகள் உட்கார இரண்டு பெஞ்சு வேண்டும் என்று ஆறு வருஷமாக மேலிடத்துக்கு எழுதிக்கொண்டிருந்தோம். பெஞ்சு வரவில்லை, கம்ப்யூட்டர் வந்துவிட்டது. கம்ப்யூட்டர் மட்டுமா? அதற்கு ஏசி, தரைக்குச் சிவப்புக் கம்பளம், ஜன்னலுக்குத் திரை, தூசி படாமல் மூட ஒரு பிளாஸ்டிக் உறை என்று எல்லாவற்றுக்கும் நிதி ஒதுக்கியிருந்தார்கள். கல்யாணச் சீர் பார்ப்பது போல ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம்.

நான் திரிபுரசுந்தரி. அப்போது அங்கே தினக்கூலி டைப்பிஸ்ட். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மற்றவர்களுக்கு லீவு, எனக்குச் சம்பள வெட்டு. இப்படியே மூன்று வருஷம் ஓட்டியிருந்தேன். நிதி ஒதுக்கிய உத்தரவுக்கு நகல் அடித்தது நான்தான், அதனால் அதன் ஆறாவது பத்தி எனக்கு மனப்பாடம். மார்ச் முப்பத்தொன்றுக்குள் ரெஜிஸ்டரில் இருக்கிற பெயரெல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிட வேண்டும். மேலிடத்து அதிகாரி வந்து இரண்டையும் ஒப்பிடுவார். ஒரு பெயர் கூடினாலும் குறைந்தாலும் இரண்டாம் தவணை நிதி கிடையாது. அந்த இரண்டாம் தவணையில் ஒரு நிரந்தர ஆப்பரேட்டர் வேலையும் அடக்கம். அது எனக்குத்தான் என்று எங்கள் தாசில்தார் சத்தியநாதன் சார் வாக்குக் கொடுத்திருந்தார். ஆக, என் வாழ்க்கையே அந்த ஆறாவது பத்தியில் இருந்தது.

மெஷின் இருக்கிறதே, அதன் குணம் மாமியார் குணம். கரண்ட் கொஞ்சம் இறங்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அறைக்குள் போகிறவர்கள் செருப்பைக் கழற்ற வேண்டும். ஜனவரியில் எங்கள் கிளார்க் ராஜகோபால் எதையோ தெரியாமல் அழுத்த, படப்பை ஊர்ப் பெயர்கள் முழுவதும் காணாமல் போய்விட்டன. தொண்ணூறு பெயர். உட்கார்ந்து மறுபடியும் மூன்று நாள் அடித்தேன். அன்றிலிருந்து ராஜகோபால் சார் அந்த அறை வாசலோடு நின்றுகொள்வார். தாசில்தாரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் உள்ளே வருவார். மெஷினைப் பொருத்திய கம்பெனி ஆள் சிட்டிபாபு மாதத்துக்கு ஒரு தரம் வந்து, எங்கள் ஜன்னல் திரையில் தூசி இருக்கிறது என்று எங்களைத் திட்டிவிட்டுப் போவான்.

மார்ச் மாதம் பத்தாம் தேதி முதல் முறையாகப் பட்டியலை முழுசாக அச்சடித்தோம். ரெஜிஸ்டரில் நானூற்றுப் பன்னிரண்டு பேர். மெஷின் கொடுத்தது முந்நூற்று எழுபத்தொன்று. நாற்பத்தோரு உயிர் எங்கே போயிற்று என்று எனக்குத் தலை சுற்றியது. அன்று இரவு சோறு இறங்கவில்லை.

மறுநாள் ரெஜிஸ்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தபோதுதான் புரிந்தது. ரெஜிஸ்டரில் எல்லோருக்கும் வயசு மட்டும்தான், அறுபத்தைந்து என்று. நம் கிழவிகளுக்குப் பிறந்த தேதி ஏது? ஆனால் மெஷினுக்குத் தேதி வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வரிக்கே நகராது. தெரியாதவர்களுக்கெல்லாம் ஜூன் ஒன்று போட்டுவிடுங்கள் என்று சிட்டிபாபு சொல்லியிருந்தான், நானும் போட்டேன். இரும்புலியூரில் மட்டும் ஐந்து முனியம்மா. ஐந்து பேருடைய புருஷன் பெயரும் முனுசாமி. ஐந்து பேரும் ஜூன் ஒன்று. மெஷின் பார்த்தது, இது ஒரே ஆள்தான் என்று முடிவு கட்டி, மற்ற நான்கு பேரையும் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டது.

வழி ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பிறந்த நாள் கொடுக்க வேண்டும். நானே இஷ்டத்துக்குப் போட்டிருக்கலாம். ஆனால் மனசு வரவில்லை, அவர்களையே கேட்டுப் போடலாம் என்று ஆள் சொல்லி அனுப்பினேன். சேதி எப்படிப் போய்ச் சேர்ந்ததோ தெரியாது, கவர்மென்டில் பிறந்த நாள் தருகிறார்கள் என்று ஊர் பூராவும் பரவிவிட்டது.

அந்த இரண்டு வாரம் போல நான் சிரித்ததே இல்லை. செருப்பையெல்லாம் வாசலில் குவித்துவிட்டு, கிழவிகள் சிவப்புக் கம்பளத்தில் வரிசையாக உட்கார்ந்து ஏசிக் காற்று வாங்கினார்கள். பெஞ்சுக்கு அலைந்தவர்களுக்குக் கம்பளமே கிடைத்துவிட்டது. இரண்டு முனியம்மாக்களுக்குப் பொங்கல்தான் வேண்டும். ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன், நீங்கள் முந்தின நாள் போகியை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன் மற்றவளிடம். போகி வேண்டாம், அன்றைக்குப் பழசையெல்லாம் கொளுத்துவார்கள் என்றாள். ஒருத்தி, மாசக் கடைசி மட்டும் வேண்டாம், கறி எடுக்கத் துட்டு இருக்காது என்றாள். குரோம்பேட்டை நூர் பீவி, நோன்பு மாசத்தில் விழாத தேதியாகக் கேட்டாள். இங்கிலீஷ் தேதி நிலையாக நிற்கும், நோன்புதான் வருஷா வருஷம் நகர்ந்து வரும், என்றைக்காவது முட்டத்தான் செய்யும் என்று விளக்கினேன். நன்றாக யோசித்துவிட்டு, அதனால் என்ன, அந்த வருஷம் ராத்திரி பிரியாணி போட்டுக்கொள்கிறேன் என்றாள். தேதி வாங்கிக்கொண்டு போனவர்கள் வாசலில் நின்று ஒருத்தியை ஒருத்தி வாழ்த்திக்கொள்வது எனக்கு உள்ளே கேட்கும்.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை, இருபத்தேழாம் தேதி. வரிசையின் கடைசியில் கிளியம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

கிளியம்மாளைத் தெரியாதவர் எங்கள் ஆபீசில் கிடையாது என்றுதான் நினைத்திருந்தேன். படப்பைக்காரி, புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. உதவித்தொகைக்கு மனுப் போட்டு நான்கு வருஷம். வெள்ளிக்கிழமை தோறும் பஸ் ஏறி வந்து, பைல் என்னாச்சு என்று கேட்பாள். ராஜகோபால் சார் தேடிக்கொண்டிருக்கிறோம் என்பார். அவள் சரி என்று திரும்பிப் போவாள். சண்டை போட்டதே இல்லை, அதுதான் அவள் செய்த தப்பு.

எனக்கும் ஒரு தேதி வேண்டும் என்றாள். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. ரெஜிஸ்டரில் பெயர் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அம்மா என்றேன்.

"பொறந்த நாளுக்குமா லிஸ்டு வச்சிகினு கீறீங்க?" என்றாள்.

கம்பளத்தில் இருந்த முனியம்மாக்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்த உற்சாகத்தில் என்ன தேதி என்று கேட்டுவிட்டேன். இன்னிக்கே போடு, அப்புறம் நாளைக்குன்னு சொல்லுவீங்க என்றாள். போட்டேன். சும்மா ஆசைக்குப் பார்த்துக்கொள்ளுங்கள், சாயந்திரம் எடுத்துவிடுவேன் என்றும் சொன்னேன். அதற்குள் கரண்ட் போனது, வந்தது, நான் மறந்தே போனேன்.

திங்கட்கிழமை மத்தியானம் மறுபடி பட்டியல் அடித்தோம். காகிதம் மடிப்பு மடிப்பாக விழ, நானும் ராஜகோபால் சாரும் எண்ணினோம். நானூற்றுப் பதின்மூன்று. அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. மறுநாள் காலை பத்து மணிக்கு அதிகாரி வருகிறார். தாசில்தார் ஓடி வந்தார், ரெஜிஸ்டரோடு ஒப்பிட்டுப் பார்த்து, அதிகப்படியான பெயர் மேல் விரலை வைத்தார்.

"கிளியம்மாள், படப்பை. யாரும்மா இது?" என்றார்.

அந்தக் கேள்விதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு கீயை அழுத்தினால் அந்த வரி போய்விடும், அரை நிமிஷ வேலை. இந்த நான்கு மாதத்தில் நூறு தரம் செய்திருக்கிறேன். இதோ எடுத்துவிடுகிறேன் சார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் நான்கு வருஷமாக வெள்ளிக்கிழமை தோறும் இந்த மனுஷனுடைய அறை வாசலைத் தாண்டி ஒருத்தி நடந்திருக்கிறாள், இவர் யார் என்று கேட்கிறார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"எடுக்க முடியாது சார். ஒண்ணை எடுத்தா மொத்தமும் போயிடும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. பொய் என்று தெரிந்தால் நிரந்தர வேலை இருக்கட்டும், தினக்கூலியே போய்விடும். ஆனால் யாரும் சந்தேகப்படவில்லை. படப்பை போன மாதிரியா என்று கேட்டார் ராஜகோபால் சார். ஆமாம், இந்தத் தடவை செங்கல்பட்டு வரைக்கும் போகும் என்றேன். தாசில்தார் மட்டும் எதற்கும் கம்பெனியைக் கேட்டுவிடலாம் என்று போனை எடுத்தார். நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். சிட்டிபாபுவுக்குத் தெரியாதா, அவன் ஒரு வார்த்தை சொன்னால் என் கதை முடிந்தது.

தாசில்தார் விஷயத்தைச் சொல்லிச் சிட்டிபாபுவிடம் கேட்டார். நாளைக்கு அதிகாரி வருகிற இடத்தில் தன்னைக் கூப்பிட்டு நிறுத்திவிடுவார்களோ என்று அவன் பயம் அவனுக்கு. ஒன்றை எடுத்தால் என்ன ஆகும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது சார், தொடாமல் இருப்பது நல்லது என்றானாம். தாசில்தார் போனை வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சிட்டிபாபு எங்கள் ஜன்னல் திரையைப் பற்றித் திட்டியதையெல்லாம் அந்த நொடியில் மன்னித்துவிட்டேன்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. மெஷினை மாற்ற முடியாது என்றால் ரெஜிஸ்டரைத்தானே மாற்ற வேண்டும்? நானாகவே, இந்தப் பெயரில் ஒரு மனு இருப்பதாக ஞாபகம் சார் என்றேன். நான்கு வருஷமாகக் கிடைக்காத பைல், ராஜகோபால் சார் பீரோவில் கையை விட்டால் பத்தே நிமிஷத்தில் வந்தது. தூசியைத் தட்டிப் பிரித்தார்கள். கிராம அதிகாரியின் அறிக்கை இருந்தது, ரெவின்யூ இன்ஸ்பெக்டர் சிபாரிசு இருந்தது, ஒரு குறையும் இல்லை. இல்லாதது தாசில்தார் கையெழுத்து ஒன்றுதான். அவர் ஒரு தரம் பைலைப் பார்த்தார், ஒரு தரம் மெஷினைப் பார்த்தார். பேனாவைத் திறந்து போட்டுவிட்டார். ரெஜிஸ்டரில் நானூற்றுப் பதின்மூன்றாம் எண்ணை அழகான கையெழுத்தில் ராஜகோபால் சாரே எழுதினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, முகம் கழுவப் போவது போல வெளியே போய்விட்டேன்.

மறுநாள் அதிகாரி வந்தார், ஏசியில் அரை மணி உட்கார்ந்தார், எண்ணினார், இரண்டும் ஒன்று என்று எழுதிவிட்டுப் போனார். எனக்கு வேலை உத்தரவு ஜூன் மாதம் வந்தது. அன்றைக்கு வீட்டில் கேசரி கிண்டினோம். ஆனாலும் நினைக்கும்போதெல்லாம் எனக்குக் குதிக்கத் தோன்றுகிற நாள் அதற்கு முன்னால் வந்தது, ஏப்ரல் மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை.

கிளியம்மாள் வழக்கம்போல வந்து பைல் என்னாச்சு என்றாள். ராஜகோபால் சார் முந்திக்கொண்டு, உனக்குச் சாங்ஷன் ஆகிவிட்டது, இந்த மாசத்திலிருந்து மணியார்டர் வரும் என்றார். அவள் நம்பவில்லை. உள்ளே கூட்டிக்கொண்டு போய் மெஷின் திரையில் அவள் பெயரைக் காட்டினேன். எது நானு என்று கேட்டாள். விரலை வைத்துக் காட்டினேன். எப்படி ஆயிற்று என்று கேட்டதற்கு, வாசலில் நின்றுகொண்டு ராஜகோபால் சாரே பதில் சொன்னார். மெஷினுக்குள் ஒரு பெயர் ஏறிவிட்டால் பிரம்மாவாலும் எடுக்க முடியாது, எல்லாம் மெஷின் செய்த வேலை என்றார்.

கிளியம்மாள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, மெஷினைப் பார்த்துப் பெரிய கும்பிடாகப் போட்டாள். மகராசனா இரு சாமி என்றாள். ராஜகோபால் சார் திருப்தியாகத் தன் நாற்காலிக்குப் போனார். எனக்கு வயிறு எரிந்தது. பொய் சொன்னவள் நான், மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான், கும்பிடு பெட்டிக்கா? நான்தான் என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. வெளியே சொல்ல முடியாதே.

அவர் போய்விட்டாரா என்று கிளியம்மாள் எட்டிப் பார்த்தாள். அப்புறம் என் பக்கம் குனிந்தாள்.

"எடுக்க முடியும்னு எனக்குத் தெரியும்மா" என்றாள் மெல்ல. "நீ எடுக்கல."

என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டாள்.