ஆர்லிஸின் தெற்றுப்பல்

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு துண்டு கேரமல் ஆர்லிஸ் டொலெஃப்சனின் முன்பல்லைப் பிடுங்கிக்கொண்டது. சனிக்கிழமை சாயங்காலம் போட்டி. நடுவில் மூன்றே நாள்.

போட்டி என்றால் லேசுப்பட்டதில்லை. வடக்கே மினசோட்டாப் பனிக்குப் பயந்து ஓடிவந்து, யூமா பாலைவனத்தில் வண்டிவீடுகளை வரிசையாக நிறுத்திக்கொண்டு நாலு மாதம் வெயில் காயும் கிழடுகளுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு? வருடா வருடம் பிப்ரவரியில் கள்ளிப்பூ முகாமும், கால்வாய்க்கு அந்தப் பக்கம் உள்ள தங்கமணல் முகாமும் வாத்தியக் குழு கட்டிக்கொண்டு மோதும். பரிசு, தங்க வண்ணம் அடித்த ஒரு பழைய டிராக்டர் சக்கர மூடி. பதினொரு வருடமாக அது தங்கமணலின் வாசலிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் குழுவின் தலைவி லவோன் ஸ்கார் அதற்கு வாராவாரம் பாலிஷ் போடுவதாகவும், அதுவும் கள்ளிப்பூக்காரர்கள் கடைக்குப் போகிற நேரம் பார்த்துப் போடுவதாகவும் கேள்வி.

இந்த வருடம் கள்ளிப்பூவிடம் ஆர்லிஸின் டிரம்பெட் இருந்தது. இத்தனை வருடம் பின்வரிசையில் பதுங்கிக் கிடந்தவளைத் தனியாக வாசிக்க முன்னால் இழுத்து நிறுத்தியிருந்தார்கள். கடைசியில் உச்சத்தில் ஏறி எட்டுத் தாளம் நிற்கிற ஒரு சுரம். ஒத்திகையில் அதைக் கேட்ட முகாம்வாசிகள், சக்கர மூடியை மாட்ட வாசலில் ஆணியே அடித்துவிட்டார்கள்.

அந்தக் கேரமலைக் கிண்டியவன் வேறு யாருமில்லை, அவள் புருஷன் ஓரின். மினசோட்டாவில் நாற்பது வருடம் சோளம் விதைத்த மனுஷன். இங்கே விதைக்க ஒன்றும் இல்லாததால் கேரமல் கிண்டி முகாம் முழுக்க விநியோகம் செய்துகொண்டிருந்தான். உள்ளே முழு பெக்கான் கொட்டை. ஆர்லிஸின் பல்லோ எப்போதோ வேர் செத்த பல். கடித்தாள், டக்கென்று ஒரு சத்தம், இழுத்துப் பார்த்தால் பல் கேரமலுக்குள் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"கொட்டை ஓடா இருக்கும், பாரு" என்றான் ஓரின்.

"என் பல்லு, ஓரின்."

மினசோட்டா ஜனம் தின்கிற பொருள் எதையும் தூக்கிப்போடாது. ஓரின் அந்தத் துண்டை ஒரு காலி மார்ஜரின் டப்பாவில் போட்டு மூடி, மேலே 'கேரமல், பல், செவ்வாய்' என்று பேனாவால் எழுதி, பிரீஸரில் மீந்த சூப்புக்குப் பக்கத்தில் வைத்தான். ஏன் வைத்தான் என்று அவனைக் கேட்டால் அவனுக்கே தெரியாது.

யூமாவில் பல் டாக்டருக்குப் போன் போட்டதில் மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்கள். சொன்ன தொகைக்கு ஓடுகிற நிலையில் ஒரு பழைய காரே வாங்கலாம். ஆனால் மெக்சிகோ எல்லைக்குக் கால் மணி நேர ஓட்டம்தான். தாண்டினால் அல்கோதோனெஸ், தெருவுக்கு நாற்பது பல் டாக்டர். விஷயம் பரவிய ஒரு மணி நேரத்தில் ஆர்லிஸின் வண்டிப் படிக்கட்டருகே ஏழெட்டுப் பேர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். எங்க டாக்டர் வேலையைப் பாரு, எங்க டாக்டர் வேலையைப் பாரு என்று ஆளாளுக்குக் கடைவாய் வரை திறந்து காட்டினார்கள். யாதிரா கின்தேரோ என்ற டாக்டரம்மாவின் வேலை இருக்கிறதிலேயே நேர்த்தியாக இருந்தது. முடிவாகிவிட்டது.

புதன்கிழமை காலை எல்லைக்கு இந்தப் பக்கம் காரைப் போட்டுவிட்டு நடந்தே தாண்டினார்கள். பல்லா, கண்ணாடியா, மாத்திரையா என்று தெருவெல்லாம் தரகர்கள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆர்லிஸைப் பார்த்ததும் ஒருத்தன், சென்யோரா வாயைத் திறக்கவே வேண்டாம், எந்தப் பல் என்று எனக்கே தெரிகிறது என்றான். அவள் சிரித்தாள். சிரித்ததும் வழக்கம்போல் கை வாயைப் பொத்திக்கொண்டது.

அந்தக் கைக்கு ஐம்பத்தாறு வருடப் பழக்கம். போன பல் சாதாரணப் பல் இல்லை, தெற்றுப்பல். பக்கத்துப் பல்லின் தோளில் ஏறி வெளியே எட்டிப் பார்க்கிற பல். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு 'டின் ஓப்பனர்' என்று பட்டப்பெயர். பதினோரு வயதில் பள்ளி வாத்தியக் குழுவுக்குக் கூப்பிட்டபோது டிரம்பெட்டை எடுத்ததே அது வாயை மறைக்கும் என்பதற்காகத்தான். வாசிக்காத நேரத்தில் மறைக்கக் கை இருந்தது.

டாக்டர் யாதிராவுக்கு நாற்பது வயது இருக்கும். ரேடியோவோடு சேர்ந்து பாடிக்கொண்டே வேலை செய்கிறவள். மீதியிருந்த வேரில் ஆணி இறக்கி, அதன்மேல் புதுப் பல் மாட்டிவிடலாம், சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும் என்றாள். பிறகு போகிறபோக்கில் ஒன்று கேட்டாள்.

"பழையபடி கோணலாவே வெக்கட்டுமா சென்யோரா, இல்ல நேரா வெச்சிடட்டுமா? ரெண்டுக்கும் காசு ஒண்ணுதான்."

அறுபத்தேழு வருடத்தில் இப்படி ஒரு கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. டாக்டர் வாயை மூடுவதற்குள் ஆர்லிஸ் சொல்லிவிட்டாள். "நேரா."

நாலு மணிக்குக் கண்ணாடியைக் கையில் கொடுத்தார்கள். அடடா, யாரோ ஒரு சீமாட்டியின் வாய். வரிசை பிசகாமல், வெள்ளைவெளேரென்று. இப்போதைக்குத் தற்காலிகப் பசைதான் போட்டிருக்கிறேன், ஒரு வாரம் பழகிப் பாருங்கள், அப்புறம் நிரந்தரமாக ஒட்டலாம் என்றாள் டாக்டர். ஆர்லிஸுக்கு அதெல்லாம் காதிலேயே ஏறவில்லை, தலைகால் புரியவில்லை. தரகனைப் பார்த்துச் சிரித்தாள், டாக்கோ சுடுகிறவளைப் பார்த்துச் சிரித்தாள், பாஸ்போர்ட் பார்த்த அதிகாரியைப் பார்த்துக்கூடச் சிரித்தாள். ஓரின் பதினான்கு போட்டோ எடுத்தான்.

மறுநாள் மரப்பெல்லாம் போன பிறகு காலையிலேயே முகாம் கூடத்தில் ஒத்திகை. புதுப் பல்லைப் பார்க்கவே பாதி முகாம் வந்திருந்தது. ஆர்லிஸ் டிரம்பெட்டை உதட்டில் வைத்தாள். கீழ்ச் சுரங்கள் எப்படியோ வந்தன. மேலே ஏற ஏறக் காற்றுதான் வந்தது, பஞ்சரான டயர் மாதிரி. உச்சச் சுரம் இருக்க வேண்டிய இடத்தில் 'புஸ்' என்று ஒன்று போய் அடங்கியது.

டிரம் அடிக்கிறவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வித்தியாசமாக இருக்கிறது என்றார். மினசோட்டாக்காரர்களை அறிந்தவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட வசவு என்று தெரியும். அவர்கள் யாரையும் முகத்துக்கு நேரே குறை சொல்லமாட்டார்கள். சகிக்கவில்லை என்றால் வித்தியாசமாக இருக்கிறது என்பார்கள். ஆகாயத்துக்குத் தூக்கிப் புகழ வேண்டுமென்றால், மோசமில்லை என்பார்கள். அதற்கு மேல் ஒரு பாராட்டு அவர்கள் பாஷையிலேயே கிடையாது.

அன்று மத்தியானம் முழுக்க உதடு வீங்க வீங்க ஊதிப் பார்த்தாள். ஊதிக்கொண்டே இருந்தவளுக்குச் சட்டென்று உறைத்தது. இத்தனை வருடமும் டிரம்பெட்டின் வாய் உட்கார்ந்தது அந்தத் தெற்றுப்பல்லின் மேல்தான். அது முன்னால் நீட்டிக்கொண்டு பக்கத்தில் விட்ட சந்து வழியாகத்தான் காற்றே போயிருக்கிறது. எதை மறைக்க டிரம்பெட்டை எடுத்தாளோ அதுதான் டிரம்பெட்டையே வாசித்திருக்கிறது. அவளுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. குளியலறைக் கண்ணாடி முன்னால் போய் நின்று, அந்தச் சீமாட்டிச் சிரிப்பை நன்றாக ஒரு தடவை சிரித்துப் பார்த்துக்கொண்டாள்.

வெளியே வந்து ஓரினிடம் கேட்டாள். "உண்மையச் சொல்லு. எப்படி இருக்கு?"

"பல்லு அழகா இருக்கு" என்றான் ஓரின். "ஆனா அந்தச் சத்தம் நீ இல்ல."

அவள் டாக்டருக்குப் போன் போட்டாள். பழைய கோணலே வேண்டும் என்றதும் டாக்டர் சிரிக்கவில்லை. எந்தக் கோணல், எவ்வளவு கோணல் என்று கேட்டாள். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் காற்று போகிற வழி மாறிவிடும், உடைந்த பல் மட்டும் இருந்தாலும் போதாது, பக்கத்துப் பல்லோடு அது எப்படி நின்றது என்று தெரிய வேண்டும், அச்சு இல்லையென்றால் நல்ல போட்டோவாவது வேண்டும் என்றாள். அச்சு எவரும் எடுத்ததில்லை. போட்டோவைத் தேடி ஆல்பம் ஆல்பமாகப் புரட்டினார்கள். கல்யாணப் போட்டோவில் வாயை இறுக்கி மூடியிருந்தாள். பிள்ளை பிறந்த போட்டோவில் கை. வெள்ளி விழாப் போட்டோவில் கை. மற்றதிலெல்லாம் டிரம்பெட். ஐம்பத்தாறு வருடத்தில் அந்தப் பல் ஒரு படத்தில்கூட விழவில்லை.

ஆர்லிஸ் ஆல்பத்தை மூடிவைத்தாள். அவள் உதட்டு வீக்கத்துக்கு ஐஸ் எடுக்கலாம் என்று ஓரின் பிரீஸரைத் திறந்தான். சூப்புக்குப் பக்கத்தில் மார்ஜரின் டப்பா அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. கேரமல், பல், செவ்வாய்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பினார்கள். ஆர்லிஸ் கையில் டிரம்பெட் பெட்டி, ஓரின் கையில் ஐஸ்பெட்டி. டாக்டர் யாதிரா டப்பாவைத் திறந்து, கேரமலை விளக்கடியில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். நடுவில் பல், கடித்தபோது நின்ற அதே சாய்வில். இரண்டு பக்கமும் அண்டைப் பற்களின் பள்ளம், அச்சுக் குலையாமல். ரேடியோவை நிறுத்திவிட்டு உதவியாளர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள்.

"அச்சு எடுக்க நான் ஜெர்மனியிலேர்ந்து பசை வாங்கறேன். அதுகூட இவ்வளவு சுத்தமா விழறதில்ல. எதப் போட்டுக் கிண்டினீங்க?"

ஓரினுக்குப் பிடிபடவில்லை பெருமை. வெண்ணெய் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, எந்தப் பதத்தில் இறக்குவது என்று ஆரம்பித்தவன், ஆர்லிஸின் ஈறில் ஊசி ஏறுகிற வரையில் நிறுத்தவில்லை.

பழையபடியே பல்லைக் கடைந்து மாட்டி முடித்தபோது மத்தியானம் மணி மூன்றரை. ஆனால் மேலுதடு முழுக்க மரத்துக் கிடந்தது. ஊதிப் பார்த்தாள், எச்சில்தான் தெறித்தது. மரப்பு விட இரண்டு மணி நேரமாவது ஆகும் என்றாள் டாக்டர். ஆறு மணி வரை இங்கேதான் இருப்பேன், சரியில்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள், ராவித் தருகிறேன். ஆறுக்கு மேல் திங்கட்கிழமைதான் என்றாள்.

திரும்பிப் போகிற வரிசையோ தெருவைச் சுற்றிக்கொண்டு நின்றது. வெள்ளிக்கிழமையாயிற்றே. கன்னம் வீங்கிய கிழவர்கள், பஞ்சைக் கடித்துக்கொண்டு நிற்கிற கிழவிகள், மாத்திரைப் பைகள். வரிசையிலேயே காத்திருப்போம், உதடு விழித்ததும் ஊதிப் பார்ப்போம், சரியில்லையென்றால் ஓடுவோம் என்று இருவரும் பேசிவைத்துக்கொண்டார்கள். பத்தடிக்கு ஒரு தடவை ஓரின் கேட்டான், வந்துவிட்டதா என்று. அவள் உதட்டைக் கிள்ளிப் பார்ப்பாள். இல்லை. நாலேமுக்காலுக்கு மூக்கடியில் லேசாக ஊறல் எடுத்தது. பெட்டியின் கொக்கியில் கை வைத்தாள்.

வைத்தபடியே பின்னால் திரும்பிப் பார்த்தாள். எட்டுப் பேருக்குப் பின்னால், ஒரு பக்கக் கன்னம் உப்பி, வாயில் பஞ்சோடு நின்றது தங்கமணல் லவோன் ஸ்கார். இவள் முன்னால் ஊதி, மறுபடி 'புஸ்' என்று போனால் இன்று இரவே யூமா முழுக்கத் தெரிந்துவிடும். ஆர்லிஸ் பெட்டியைத் திறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் போகட்டும், இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே அதிகாரியின் மேஜைக்கே வந்துவிட்டாள். மணி ஐந்தரை.

காலையிலிருந்து பல், பல், பல் என்றே கேட்டுச் சலித்த இளைஞன் அவன். என்ன வாங்கினீர்கள் என்றான். பல் என்றாள். பெட்டியில் என்ன என்றான். டிரம்பெட், என்னுடையது, இங்கே வாங்கியதில்லை என்றாள். ரசீது இருக்கிறதா என்றான். பதினோரு வயதில் வாங்கியதற்கு ரசீதுக்கு எங்கே போவாள்? அவன் அவளையும் பெட்டியையும் பார்த்தான். முகத்தில் மெல்ல ஒரு குறும்பு வந்தது.

"உங்களோடதுதான்னா ஒரு வரி வாசிங்க. கேட்டுட்டு அனுப்பறேன்."

ஆர்லிஸ் டிரம்பெட்டை எடுத்தாள். உதட்டை அதன் வாயில் வைத்தாள். தெற்றுப்பல் மேல் அது போய் உட்கார்ந்தது, எப்போதும் உட்கார்கிற இடத்தில். கீழிருந்து ஆரம்பித்தாள், ஒவ்வொரு படியாக ஏறினாள், உச்சத்துக்குப் போனாள். சத்தம் கணீரென்று கிளம்பி எல்லைச் சுவருக்கு இரண்டு பக்கமும் போயிற்று. தெருவில் தரகர்கள் கூவுவதை நிறுத்தினார்கள். ஓரின் உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டிருந்தான், ஆறு, ஏழு, எட்டு. எட்டுக்கு மேலும் அவள் விடவில்லை.

வரிசையில் வாய் பேச முடியாதவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். லவோன் ஸ்கார் கை தட்டவில்லை. வாயிலிருந்து பஞ்சை நிதானமாக வெளியே எடுத்தாள். ஆர்லிஸின் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"மோசமில்ல" என்றாள்.

ஆர்லிஸ் சிரித்தாள். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ஒரு கையில் டிரம்பெட், இன்னொரு கையில் பாஸ்போர்ட், வாயைப் பொத்தக் கை இல்லை. அதிகாரி ஏதாவது சொல்வதற்குள் ஓரின் போனைத் தூக்கி, ஆடாமல் நில் என்று அதட்டி, அந்தப் பல்லின் முதல் போட்டோவை எடுத்தான்.