கைம்மாறு கருதாத ஜிஷா

‘இந்த லிங்க் வழியாக நீங்கள் வாங்கினால் எனக்குக் கமிஷன் கிடைக்கும்.’ இந்த ஒரு வரியை எழுத ஜிஷாவுக்குக் காலை முழுவதும் போயிற்று. நடுவில் ‘எனக்கு’ என்பதை எடுத்துவிட்டுப் பார்த்தாள். கமிஷன் வேறு யாருக்கோ போவதுபோல் இருந்தது, கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. ஆனால் யாருக்குக் கிடைக்கிறது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று ஆன்லைன் விற்பனைக் கம்பெனியின் புது விதியில் போட்டிருந்தது. மறுபடியும் சேர்த்தாள்.

தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்குக் கூரியர் வண்டி ஏறாது, மூணாறு டவுனோடு நின்றுவிடும். அதனால் லயத்தில் யாருக்குக் குக்கர் வேண்டும், ஸ்கூல் பேக் வேண்டும் என்றாலும் ஜிஷாதான் தன் போனில், தன் லிங்க் வழியே ஆர்டர் போடுவாள். எல்லாம் அவள் பெயருக்கே டவுனில் ஒரு கடைக்கு வந்து இறங்கும். ஜீப் ஓட்டும் கணவன் ரிஞ்சு சாயங்காலம் ஏற்றி வருவான். இதற்கென்று யாரிடமும் எதுவும் வாங்கமாட்டாள். ஒவ்வொரு சாமானுக்கும் கம்பெனி அவளுக்கு ஏதோ தருவதை யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. அந்த வருமானத்தில்தான் மகள் கோட்டயத்தில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள்.

சொல்லாமல் இருந்ததுகூடப் பரவாயில்லை. போன திருவிழாவில் பங்குத்தந்தை அவளை மேடைக்குக் கூப்பிட்டு, கைம்மாறு கருதாத சேவை என்று புகழ்ந்து பொன்னாடை போர்த்தினார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். மகராசி, தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். அந்த அடக்கத்தையும் சேர்த்துப் பாராட்டினார்கள்.

இப்போது புது விதிப்படி, ஒரே பெயரில் ஒரே முகவரிக்கு வருவதெல்லாம் சொந்த உபயோகத்துக்கு வாங்கியதாம், அதற்குக் கமிஷன் கிடையாதாம். வாங்குகிறவர்கள் அவரவர் போனில், அவரவர் பெயரில், அவள் அனுப்பும் லிங்க்கை அமுக்கி வாங்க வேண்டும். லிங்க்கோடு அந்த வரியும் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் கணக்கையே மூடிவிடுவார்கள். லயத்து ஜனமெல்லாம் இருக்கும் அன்பியத்து, அதாவது கோயில் ஜெபக்குழுவின், வாட்ஸப் குழுவில் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. பொன்னாடை போர்த்திய தந்தையும் அதில்தான் இருந்தார்.

“ஹாஸ்டல் பீஸ என் ஜீப்ப வித்தா கட்டப்போற? போட்டு விடு. திருடவா செஞ்ச?” என்றான் ரிஞ்சு.

திருடவில்லைதான். திருடியிருந்தால்கூட இவ்வளவு வெட்கமாக இருக்குமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

போட்டாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அரிசி களைந்தாள். திரும்ப எடுத்துப் பார்த்தபோது ஒருவரும் திட்டியிருக்கவில்லை. கும்பிடும் கைகள் வரிசையாக வந்திருந்தன. ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக என்று உபதேசியார் போட்டிருந்தார். திட்டியிருந்தால் அவளும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பாள். இதற்கு என்ன செய்வது?

சாயங்காலம் பக்கத்து வீட்டு இருதயம்மாள், கொழுந்து எடுத்துவிட்டு வந்த களைப்போடு, மகன் வாங்கிக் கொடுத்த போனைக் கையில் பிடித்தபடி வந்தாள். ஜிஷா வரவழைத்துக் கொடுத்த ஸ்வெட்டரைப் போட்டிருந்தாள். அது வந்தபோதே அளவு சின்னது, ஜிப் ஏறவே இல்லை. திருப்பி அனுப்பலாமா என்று இருதயம்மாள் கேட்டதற்கு, அது பெரிய பாடு, போடப் போட இளகிவிடும் என்று சொன்னவள் ஜிஷாதான்.

“ஏ புள்ள, இதத் திருப்பி அனுப்பியிருந்தா ஒனக்கு வர்றது வராமப் போயிருக்குமோ?”

குரலில் கோபமே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஜிஷாவுக்கு முகம் எரிந்தது. இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்.

“போயிருக்கும் சித்தி.”

இருதயம்மாள் மெல்லத் தலையாட்டினாள். பிறகு போனை நீட்டினாள்.

“சரி, ஒன் லிங்க்குலயே போடு. இந்தத் தடவ பெரிய சைஸா பாத்துப் போடு.”

மலையிலிருந்து குளிர் இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே வந்து உட்காரச் சொன்னதற்கு வேண்டாம் என்றாள். ஜிஷா தேடி முடிக்கும்வரை, மூடாத ஸ்வெட்டரின் இரண்டு ஓரங்களையும் ஒரு கையால் நெஞ்சோடு இழுத்துப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.