காசுப் பைக்குள் மணல்

அந்தத் துணிக்கடைக்கு ஏறும் படிகள் எத்தனை என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம்தான். சாவிக்காரர் இதைச் சொன்ன ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை மாறியது. ஒரு தடவை இருபத்திரண்டு என்றார், இன்னொரு தடவை முப்பதுக்கு மேல் என்றார். அவருடைய மகளைக் கேட்டால், "பதினஞ்சு இருந்தா அதிகம்" என்கிறாள். படி திரும்பும் இடத்தில் ஒரு செடித்தொட்டி இருந்தது என்பதில் மட்டும் இரண்டு பேரும் ஒத்துப்போகிறார்கள். மற்றதைக் கேட்டபடியே சொல்கிறேன். சில இடங்களில் என் ஞாபகமும் அவருடையதும் கலந்து போயிருக்கலாம்.

அந்தத் தொட்டியின் அருகில்தான் அவர் நின்றார். மகள் நான்கு படி முன்னால் போய்விட்டிருந்தாள். கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இலையைத் தொட்டுப் பார்ப்பதுபோல் குனிந்தார்.

"நிஜச் செடியா இது?"

கேள்விக்கு மூச்சு போதவில்லை. கடைசிச் சொல் வெறும் காற்றாக வந்தது.

"பிளாஸ்டிக்குப்பா. அதுக்குப் போய் நாடி பிடிச்சுப் பாக்கறீங்க. வாங்க."

அவரும் சிரித்தார். சிரிப்பதற்கும் மூச்சு வேண்டும் என்பது அவருக்கு இந்த மூன்று மாதங்களில்தான் தெரிந்திருந்தது. நிற்பதற்குக் காரணம் கண்டுபிடிப்பதில் இப்போது அவர் கைதேர்ந்தவர். அறிவிப்புப் பலகைகளை முழுதாகப் படிப்பார். செருப்பு வாரை அவிழ்த்துத் திரும்ப மாட்டுவார். அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். பேருந்து நிலையத்தின் பின்வாசலில், ஓர் ஆள் உட்காரும் அகலத்தில் அவருடைய சாவிக்கடை. நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை என்பதால் அங்கே யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. வீட்டில் இருமல் வந்தால் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுவார். "இவருக்குத் தண்ணின்னா தண்ணியாப் போச்சு" என்று மனைவி வெளியிலிருந்து திட்டுவாள். அந்தத் திட்டு கேட்கும்வரை பயமில்லை என்று நினைத்துக்கொள்வார்.

பத்து நாட்களுக்கு முன் ஒரு போன் வந்தது. பழைய கம்பெனியில் கூட வேலை பார்த்த பாட்டுக்காரனின் மனைவி பேசினாள். "அவரால பேச முடியாதுண்ணே. நீங்க பேசுங்க, கேட்டுக்குவாரு" என்று போனைக் கணவனின் காதில் வைத்தாள். என்ன பேசுவது? சாவிக்காரர் கொஞ்ச நேரம் கடையைப் பற்றிப் பேசினார், மகள் வேலைக்குப் போவதைச் சொன்னார். மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. மூடிய கதவை உள்ளேயிருந்து யாரோ நகத்தால் பிறாண்டுவதுபோல ஒரு சத்தம். இயந்திர இரைச்சலுக்கு மேலே கேட்கும்படி முழுப் பாட்டும் பாடியவன் அவன். போனைத் திரும்ப வாங்கிய அவள் கேட்டாள், "நீங்க நல்லா இருக்கீங்கதானேண்ணே? அந்த ரூம்ல நின்ன எல்லாரையும் நெஞ்சைப் படம் எடுத்துப் பாக்கச் சொல்றாரு டாக்டர்."

"எனக்கு ஒண்ணுமில்லம்மா" என்றார் அவர். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் காலையில் போகலாம் என்று நினைப்பதும், மாலையில் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பதுமாக இருந்தார். படம் எடுக்காதவரை உள்ளே ஒன்றுமில்லை என்றுதானே அர்த்தம்.

துணிக்கடை மேல்மாடியில் கண்ணாடியும் வெளிச்சமுமாக இருந்தது. மகள் நேராகத் துணி தொங்கிய ஒரு கம்பியின் முன்னால் போய் நின்றாள். இதோடு மூன்றாவது முறை வருகிறாளாம். முதல் சம்பளம் கையில் இருந்தது, மனசு வரவில்லை. தொடையில் வெளுத்து, இரண்டு முழங்காலிலும் கிழிந்து, நூல் தொங்கிய நீல ஜீன்ஸ்.

"நாலு வருஷம் ஜீன்ஸ் கம்பெனில குப்பை கொட்டினவர் நீங்க. ஒரே வார்த்தை சொல்லுங்க. இந்த விலைக்குத் தகும்னா வாங்கறேன், தண்டம்னா விட்டுடறேன். ஆபீஸ்ல எல்லாரும் இதுதான் போடறாங்க."

"கிழிஞ்சதுக்கா இவ்வளவு விலை?"

"முழுசா இருந்தா பாதி விலைப்பா. மீதி கிழிசலுக்கு."

கழுத்தில் அளவுநாடா தொங்கிய விற்பனைப் பெண் பக்கத்தில் வந்தாள். "சார், இது மெஷின் வேலை இல்ல. ஒவ்வொண்ணும் கையால பண்ணினது. அந்த வெளுப்பைப் பாருங்க, புகை மாதிரி இருக்கு."

"தெரியும்மா" என்றார் சாவிக்காரர்.

அவருக்குத் தெரியும். விளிம்பு தெரியாமல் கரைகிற அந்த வெளுப்பை உப்புத்தாளால் தேய்த்துக் கொண்டுவர முடியாது. குழாயிலிருந்து காற்றோடு மணல் சீற வேண்டும். தொடையில் மூன்று வீச்சு, முழங்காலில் ஒரு வட்டம். சன்னலில்லாத அறை. ஆறு பேர், முகத்தில் நனைத்துக் கட்டிய துண்டு. வீட்டில் அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. புருவமெல்லாம் வெள்ளையாக வந்து நிற்பவரைப் பார்த்து, "கிழவரு வந்துட்டாரு, நாற்காலி போடுங்க" என்று மனைவி சிரிப்பாள். அப்போது சின்னப் பெண்ணாக இருந்த மகளும் சிரிப்பாள். துணித்தூசி என்றுதான் அவர்கள் நினைத்திருந்தார்கள்.

மகள் அதே ஜீன்ஸில் தன் அளவை எடுத்துக்கொண்டு உடை மாற்றும் அறைக்குள் போனாள். அவர் கம்பியில் மிச்சமிருந்த ஒன்றை எடுத்தார். நினைத்துச் செய்ததில்லை, கை தானாகப் போனது. வலது பைக்குள் இருக்கும் குட்டிப் பைக்குள், கம்பெனியில் காசுப் பை என்று சொல்லும் அதற்குள், சுண்டுவிரல் நுழைந்தது. அந்த அறையில் அது ஒரு சட்டம். துணியை அடுத்த ஆளிடம் தள்ளும் முன் தலைகீழாகப் பிடித்து இரும்புச் சட்டத்தில் இரண்டு தட்டு தட்ட வேண்டும். தட்டாமல் விட்டால் காசுப் பையின் அடித்தையலில் மணல் தங்கிவிடும், எத்தனை தண்ணீரில் அலசினாலும் போகாது, சரிபார்ப்பவர் திருப்பி முகத்தில் வீசுவார். பாட்டுக்காரன் கடைசி மாதங்களில் தட்ட மறந்தான். சோம்பேறி என்று எல்லாரும் திட்டினார்கள், இவரும் சேர்ந்து திட்டினார். கை தூக்க அவனுக்கு மூச்சு இல்லை என்று யாருக்கும் தோன்றவில்லை.

விரல் நுனியில் நறநறவென்றது.

ஜீன்ஸைத் தலைகீழாகப் பிடித்து உள்ளங்கையில் தட்டினார். ஒரு சிட்டிகைகூட இருக்காது. பழுப்பாக, பொடியாக. அப்படியானால் அந்த அறை இன்னும் எங்கோ இருக்கிறது. போன மாதமோ அதற்கு முன்மாதமோ, அங்கே நின்ற ஒருவன் இதைத் தட்டாமல் விட்டிருக்கிறான். புது ஆளாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பழைய ஆளாக இருக்க வேண்டும்.

"எப்படிப்பா இருக்கு?"

மகள் வெளியே வந்து நின்றாள். கிழிசல் வழியே முழங்கால் தெரிந்தது, சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்போடு. கைகளை இரண்டு பைகளிலும் விட்டிருந்தாள்.

"கழட்டு அதை."

அவருடைய குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. விற்பனைப் பெண் இரண்டடி பின்னால் போனாள்.

"நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கு. கழட்டு."

"நல்லா இருந்தா எதுக்குப்பா..."

அப்போது இருமல் வந்தது. திறந்துவிட அங்கே குழாய் இல்லை. செருப்பு போட்டுப் பார்க்கும் முக்காலியில் உட்கார்ந்து, மணல் இருந்த கையை மட்டும் மூடி வைத்துக்கொண்டு இருமினார். வெகுநேரம் இருமினார். விற்பனைப் பெண் தண்ணீர் கொண்டுவந்தாள். மகள் அவர் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தாள், துணி இன்னும் கொஞ்சம் கிழிந்தது.

"மணி நாலாச்சு, வாழைப்பழம் சாப்பிடலைன்னா உங்களுக்கு இப்படித்தான்" என்றாள். வேடிக்கையாகச் சொல்லப் பார்த்தாள்.

அவர் கையைத் திறந்து காட்டினார்.

"என்னப்பா இது?"

"மணல். இதை அடிச்சுத்தான் வெளுக்க வைப்பாங்க. நான் பாத்த வேலை இதுதான்."

அவள் உள்ளங்கையைப் பார்த்தாள், அவர் புருவத்தைப் பார்த்தாள், தன் தொடையைப் பார்த்தாள். ஏதோ ஒன்றோடொன்று சேர்வது அவள் முகத்தில் தெரிந்தது.

"அப்ப அந்த வாழைப்பழம்?"

"கம்பெனில தினம் நாலு மணிக்கு ஆளுக்கு ஒண்ணு குடுப்பாங்க. தின்னா தொண்டைல இருக்கற தூசியெல்லாம் வயித்துக்குள்ள எறங்கிடும்னு சொன்னாங்க. நாங்களும் நம்பினோம்."

"எறங்கிச்சா?"

அவர் மணலைத் திரும்பக் கைக்குள் மூடிக்கொண்டார். கடையில் ஏதோ மெல்லிய இசை ஓடிக்கொண்டிருந்தது. வேறு யாரோ ஒருவர் வந்து, அதே கம்பியில் கைவிட்டு, அளவு பார்த்துவிட்டுப் போனார். மகள் எழுந்து உள்ளே போய்ப் பழைய உடையோடு வந்தாள். ஜீன்ஸை ஒழுங்காக மடித்து விற்பனைப் பெண்ணிடம் கொடுத்து, "முழங்கால்ல கொஞ்சம் கூடக் கிழிஞ்சிடுச்சு, மன்னிச்சுக்கோங்க" என்றாள். அந்தப் பெண் தைத்த இடத்தையும் கிழிந்த இடத்தையும் தடவிப் பார்த்தாள். எது கடையில் கிழிந்தது, எது கம்பெனியில் கிழித்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. "பரவாயில்ல, யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க" என்றாள்.

இறங்கும்போது செடித்தொட்டி அருகே அவர் நின்றார். இந்த முறை காரணம் எதுவும் சொல்லவில்லை. மகளும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்று அவருடைய மூச்சை எண்ணினாள்.

மறுநாள் காலையில் படம் எடுத்தார்கள். பாட்டுக்காரன் மூன்று வாரம் கழித்து இறந்தான். சாவிக்காரர் இருக்கிறார், மாதம் ஒரு முறை மருத்துவமனைக்குப் போகிறார், மாடியில்லாத வீட்டுக்குக் குடி மாறிவிட்டார்கள். சாவி வெட்டும் இயந்திரத்தில் இப்போது மனைவி உட்காருகிறாள், அவர் பக்கத்தில் இருந்து வாயால் சொல்கிறார். வீட்டில் வாழைப்பழம் வாங்குவதில்லை. விற்பனைப் பெண் வேறு கடைக்குப் போய்விட்டாள். அந்த ஜீன்ஸை யார் வாங்கினார்கள் என்று தெரியாது.

மகள் அதே அலுவலகத்தில்தான் இருக்கிறாள். எந்தத் துணிக்கடைக்குள் போனாலும் ஜீன்ஸ் தொங்கும் கம்பியின் அருகே நின்று, ஒவ்வொன்றின் காசுப் பைக்குள்ளும் சுண்டுவிரலை விட்டு, தலைகீழாகப் பிடித்து உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டிப் பார்க்கிறாள். பெரும்பாலும் ஒன்றும் விழுவதில்லை.