காயாத முகம்

அப்பாவின் சவப்பெட்டித் தலைமாட்டில் மெழுகுவர்த்தியை ஊன்றிக்கொண்டிருந்த உஸ்தீன்யாவின் தோளில் அம்மா ஒரு துப்பட்டியைப் போட்டாள்.

"கண்ணாடிய மூடியாச்சு. களஞ்சியத்துல இருக்கறத யாரும் மூடலையே. ஓடு."

"அது வெறும் படம்மா."

"அதுல உங்கப்பன் மூஞ்சி இருக்கா இல்லையா? கிளம்புற ஆவி அதைப் பாத்து அங்கயே நின்னுட்டா? பெட்டி வாசல் தாண்டற வரைக்கும் மூடியிருக்கணும். இல்லாட்டி எடுக்க விடமாட்டேன்."

பக்கத்துவீட்டு அகாஃப்யா முணுமுணுத்தாள். "சீக்கிரம் வந்துடு. பெட்டியத் தூக்கறப்ப பெத்த பொண்ணு குரலெடுக்கலைன்னா ஊரே வாயில போட்டு மெல்லும்."

கோடை முழுக்க அந்தக் களஞ்சியத்தில் நகரத்து ஓவியர் அர்சேனி தங்கி, ஊர் மாதா ஊர்வலத்தை வரைந்துகொண்டிருந்தார். ஒரு சுவர் அளவுக்கு நின்றது படம். உஸ்தீன்யா கிட்டத்தில் பார்த்ததில்லை. உள்ளே நுழைந்து பார்த்ததும் தொண்டை கமறியது. அவ்வளவு புழுதி படத்துச் சாலையில். மாதா படத்தைத் தன் சொத்துப் போல அணைத்து நடக்கும் பண்ணைக்காரி. குதிரைமேல் சாட்டை ஓங்கிய காவலன். முன்னால், பொன்முலாம் பூசிய பெரிய விளக்குக் கூண்டைத் தோளில் சுமக்கும் குடியானவர்கள். அவர்களில் அப்பா.

தொப்பி போட்ட எவரைக் கண்டாலும் குனிகிற அப்பா, பாரத்துக்கு மூச்சு வாங்க மோவாயை நிமிர்த்தியிருந்தார். வருஷாவருஷம் ஊர்வலத்தில் பெண்களோடு பின்னால் போனவள் அந்த முகத்தைக் கண்டதே இல்லை. இந்த ஓவியர் கண்டிருக்கிறார்.

துப்பட்டியைப் பார்த்ததும் அர்சேனி பதறினார். "ஐயோ வேண்டாம்மா! முகம் இன்னும் காயல. துணி பட்டா துணியோட வந்துடும்."

வீட்டுக்குள் பாதிரியார் பாடத் தொடங்கிவிட்டார். துணியைத் தொங்கவிட உத்தரத்தில் கயிறு கட்ட நேரமில்லை. அவள் அப்பாவின் முகத்தையும் கதவையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"அந்த முனையப் பிடிங்க அய்யா. படத்துல படாம, உசத்தி."

"நீ அங்க இருக்கணுமேம்மா?"

"பிடிங்க. கைய இறக்கிடாதீங்க. எங்கப்பா இதைவிடப் பெரிசையெல்லாம் தூக்கினவரு."

இருவரும் துணியை விரித்து நின்றார்கள். வாசலில் பெட்டி தட்டும் சத்தம். அவளுக்குரிய ஒப்பாரியை அகாஃப்யா எடுத்தாள். பாதியில் வார்த்தை மறந்து, மறுபடி தொடங்கினாள். உஸ்தீன்யாவின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன.

காற்று துணியை உள்ளே தள்ளியது. அவள் முழங்கையை நீட்டித் தடுத்தாள். முழங்கை படத்தின் கீழோரத்தில் உரசியது.

"அழிஞ்சிடுச்சா?"

"முகத்துல படல. அது வெறும் புழுதி. இன்னொரு தடவை போட்டுக்கலாம்." அவர் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "நீ போம்மா. வாசல் தாண்டிட்டாங்க."

அவள் ஓடினாள். பெட்டி சாலைத் திருப்பத்தை எட்டியிருந்தது. பெண்கள் திரும்பிப் பார்த்து, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உஸ்தீன்யா மூச்சு வாங்கியபடி கடைசியில் சேர்ந்து நடந்தாள். கறுப்புச் சட்டையின் முழங்கையில் மஞ்சளாக ஒரு ஈரக் கறை. அதன்மேல் சாலைப் புழுதி படிந்துகொண்டே வந்தது.