கால் லிட்டர் வெள்ளை

காலை ஒன்பது மணிக்குள் பதினோரு டப்பா வெள்ளைப் பெயின்ட் விற்றுப்போயிருந்தது. எல்லாம் கால் லிட்டர் டப்பா. ஸ்வி லானுக்கு முதலில் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். மூன்று மாதமாக இரும்புக்கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தவள் அவள். டாலர் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபியாவிலிருந்து பத்தாயிரத்தைத் தாண்டிய நாளிலிருந்து ஆணி வாங்கக்கூட ஆளில்லை. ஊரில் கட்டிக்கொண்டிருந்த வீடெல்லாம் அரைச்சுவரோடு நின்றுவிட்டது. அரிசி இன்றைக்கு ஒரு விலை, நாளைக்கு ஒரு விலை. அப்படி இருக்கும்போது, விடிந்ததும் விடியாததுமாக வரிசையாக ஆள் வந்தால் யாருக்குக் கசக்கும்? பழைய விலைக்கே கொடுத்தாள். கூடவே ஆளுக்கொரு சின்ன பிரஷ்.

பன்னிரண்டாவது டப்பாவை எடுக்கும்போதுதான் கை நின்றது. நோன்புப் பெருநாளுக்கு முந்தின வாரம் ஊரே வெள்ளையடிக்கும், அது வழக்கம். பெருநாள் போய் இரண்டு வாரமாகிறது. மழைக்காலம் வேறு. இந்த ஈரத்தில் எவன் பெயின்ட் அடிப்பான்? கால் லிட்டரில் ஒரு ஜன்னலைக்கூட முழுசாக அடிக்க முடியாதே! வந்தவர்களில் ஒருவர்கூடப் பேரம் பேசவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. "என்ன தாச்சி, பட்டப்பகல்ல கொள்ளையா?" என்று சீனப் பெண்களை அந்தப் பக்கம் கூப்பிடும் பேரைச் சொல்லி நாள் தவறாமல் வம்பிழுக்கும் தையல்காரர் சுகெங், பணத்தைப் பலகைமேல் வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் போனார். ஒரு போலீஸ்காரர் வந்தார். மனைவியின் அழகு நிலையத்துக்காம். அவரும் கால் லிட்டர்தான்.

வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்தாள். தையல்கடை ஷட்டரில் முழ நீள எழுத்து, இன்னும் ஈரம் காயவில்லை: 'முஸ்லிம் கடை. மண்ணின் மக்கள் கடை.' அதற்கடுத்த அழகு நிலையத்திலும் அதே. சைக்கிள் கடையிலும் அதே. எல்லாம் ஒரே கை எழுத்து. இவள் கடைப் பெயர்ப்பலகையை எழுதிய தர்மினின் கை. எதிர்ச்சாரி நகைக்கடைச் சீனக் குடும்பம் நேற்றே காரில் கிளம்பிப் போனது ஏதோ கல்யாணத்துக்கு என்றல்லவா நினைத்தாள்!

புருஷன் ஹான் கியோங் செமாராங் நகரத்திலிருந்து போன் செய்தான். மொத்த வியாபாரி கடனுக்குச் சரக்குத் தர மாட்டேன் என்றதால் நேரில் கெஞ்சப் போனவன்.

"ரோட்டை மறிச்சுட்டாங்க. வேன் நகராது. பக்கத்து ஊர்ல நேத்து மூணு கடை எரிஞ்சிருக்கு, நம்மாளுங்க கடை. கும்பல் கும்பலா லாரியில வராங்களாம். விலை ஏறினதுக்கெல்லாம் நாமதான் காரணமாம். நீ அப்பாவைக் கூட்டிட்டு எங்கயாவது போயிடு."

"எப்படிப் போறது? உங்கப்பாவை நான் இடுப்புல தூக்கி வச்சுக்கவா?"

மாமனார் மாடியில் இருந்தார். பக்கவாதம் வந்து இரண்டு வருஷம். அந்தக் குறுகிய மரப்படியில் அவரை இறக்க நாலு ஆண்பிள்ளைகள் வேண்டும். இன்றைக்கு எந்த நாலு பேர் இந்தக் கடைக்குள் காலெடுத்து வைப்பார்கள்? விட்டுவிட்டு ஓடலாம் என்று ஒரு கணம் தோன்றாமல் இல்லை. தோன்றியதற்காகத் தன்னையே வெறுத்தாள்.

மத்தியானம் தர்மின் இன்னொரு டப்பாவுக்கு வந்தான். விரலெல்லாம் வெள்ளை. அவள் டப்பாவை நீட்டவில்லை.

"தர்மின், என் ஷட்டர்லயும் எழுதிடு. என்ன கேட்டாலும் தரேன்."

அவன் பிரஷ் கட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். "உங்க பலகையை நான்தானே எழுதினேன் தாச்சி, உங்க காசுல சாப்பிடாத ஆளா நான்? ஆனா இங்க எழுதினா, பார்க்கிறவன் என்ன சொல்வான்? இவன் சீனன் கடைக்கும் எழுதிக் கொடுக்கிறான்டான்னு சொல்வான். அப்புறம் மத்த கதவுல இருக்கிறதையும் எவன் நம்புவான்? எல்லாம் என் எழுத்துதானே."

அவன் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை, அதுதான் கொடுமை. டப்பாவைக் கொடுத்துவிட்டாள். காசு வாங்கத் தோன்றவில்லை. அவனும் நினைவுபடுத்தவில்லை. தானே எழுதலாமா என்று யோசித்தாள். இவள் கை கோணல் எழுத்து தெருவுக்கே தெரியும். பொய் என்று விளக்குப் போட்டுக் காட்டின மாதிரி ஆகும். எழுதாமல் விட்டாலோ, இத்தனை வெள்ளைக்கு நடுவில் பளிச்சென்று பச்சையாக ஒரே ஒரு ஷட்டர். விரல் நீட்டிக் காட்ட ஆளே தேவையில்லை.

கடைசியாகத்தான் கஸ்தினாவின் நினைப்பு வந்தது. தள்ளுவண்டியில் தெம்பே என்கிற சோயாக்கட்டியைப் பொரித்து விற்கிறவள், விதவை, வாய் மட்டும் ஊரைத் தூக்கிவிடும். போன மாதம்தான், எண்ணெய்க்கறை படுகிறதென்று கடை வாசலிலிருந்து ஸ்வி லான் அவள் வண்டியை விரட்டியிருந்தாள். அன்றைக்கு வைத வசவெல்லாம் இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து கூசியது. தெருமுனையில் வண்டிக்கடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள் கஸ்தினா. அடுப்பு எரியவில்லை.

"நீங்க பெயின்ட் வாங்க வரலையா அக்கா?"

"எனக்குக் கதவு ஏது? சக்கரத்துலயா எழுதிக்கிறது?" என்றாள் கஸ்தினா. அப்புறம் தலையைத் தூக்கி, "அது என்ன, போன மாசம் 'ஏய், இந்தாம்மா'. இன்னிக்கு அக்காவா?"

ஸ்வி லான் அவள் பக்கத்தில் குந்தினாள். "வண்டியை என் கடை வாசல்ல போட்டு ஏதாவது பொரிங்க. நீங்க முஸ்லிம், உங்களைத் தாண்டி வர யோசிப்பாங்க. மாடியில பெரியவர் இருக்கார் அக்கா."

"பொரிக்கிறதா? எண்ணெய் விக்கிற விலைக்கு நான் மூணு நாளா அடுப்பே பத்த வைக்கல."

ஸ்வி லான் ஓடிப்போய்ச் சமையலறையில் இருந்த ஐந்து லிட்டர் எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கஸ்தினா மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு, வண்டியைத் தள்ள ஆரம்பித்தாள்.

நாலு மணிக்கு மழை பிடித்தது. ஸ்வி லான் ஷட்டரை இறக்கிப் பூட்டி, இருட்டில் ஆணி மூட்டைகளுக்கு நடுவில் நின்றாள். வெளியே எண்ணெய் சடசடவென்று பொரிந்தது. அந்தச் சத்தம் இருக்கிறவரை கஸ்தினா இருக்கிறாள் என்று அர்த்தம். கொஞ்சம் அடங்கினால் இவளுக்கு மூச்சு நின்றுவிடும். அடுத்த துண்டு விழுந்ததும்தான் மூச்சு வரும். லாரிகள் வந்து நிற்பது கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. கண்ணாடி உடையும் சத்தம் நகைக்கடைப் பக்கமிருந்து. பிறகு நிறைய செருப்புக் கால்கள், தண்ணீரில்.

"யாரோட கடை இது?" இளம் குரல்தான். அதட்டலே இல்லை, வழி விசாரிக்கிற மாதிரி இருந்தது.

"தெம்பே சூடா இருக்கு, மழைக்கு நல்லா இருக்கும். எத்தனை வேணும்?"

"இதுல எழுத்தே இல்லையே. யாரோட கடைன்னு கேட்டேன்."

கஸ்தினா கரண்டியை வண்டி விளிம்பில் வைத்தது கேட்டது. கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லையே! எண்ணெயைக் கொடுத்தோமே தவிர, அதைப் பேசிக்கொள்ளவில்லையே! வெளியிலிருந்து யாரோ ஷட்டர்மேல் கையை வைத்தார்கள். தகரம் மெதுவாக உள்பக்கம் குழிந்தது. அது இன்னும் குழியாமல் இருக்க, ஸ்வி லான் தன் இரண்டு உள்ளங்கைகளையும் இந்தப் பக்கமிருந்து அதன்மேல் பதித்து அழுத்திக்கொண்டாள்.