அமெரிக்கப் பிடித்தம்

ஜெசி எடுக்கும் படங்களை எங்கெங்கோ இருப்பவர்கள் வாங்கினார்கள். காமயகவுண்டன்பட்டித் திராட்சைத் தோட்டம், நாற்று நடும் கைகள், மேகம் இறங்கிய மலை என்று அவள் கேமராவில் பிடித்து வருவதை உமாதேவி கம்ப்யூட்டரில் திருத்தி, படம் விற்கும் வெளிநாட்டு இணையதளம் ஒன்றில் ஏற்றுவாள். கணக்கு ஜெசியின் பெயரில்தான். ஆனால் அதை நடத்துவதும், வரும் பணத்தை ஜெசியின் வங்கிக்கு அனுப்புவதும் உமா. கல்யாண ஸ்டுடியோவில் ஒன்றாக வேலை பார்த்த காலம் முதலே ஜெசி அவளுக்கு அக்கா.

ஒருநாள் ஜெசியின் போனில் உமா போட்டுக் கொடுத்திருந்த அந்தத் தளத்தின் ஆப்பைப் பார்த்துக்கொண்டிருந்த ஜெசியின் கணவன் ஆரோக்கிய பிரபு, "வித்ததுன்னு காட்டுறது ஒண்ணு, பேங்குக்கு வர்றது ஒண்ணா இருக்கே. நடுவுல யாரு இருக்கா?" என்றான்.

நடுவில் உமாவைத் தவிர யாரும் இல்லை.

மறுநாளே ஜெசி ராயப்பன்பட்டியிலிருந்து பஸ் ஏறி அனுமந்தன்பட்டியில் உமா வீட்டுக்குப் போனாள். உமாவின் மாமியார் சங்கிலியம்மாளோடு பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜெசிக்கு வாய் நிற்கவில்லை.

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனேடி. திருடணுமா?"

உமாவின் முகம் செத்துப்போனது. "நான் தொடலக்கா. அது அமெரிக்காவுலயே வரின்னு பிடிக்கிறாக."

"ஆமா, அமெரிக்காக்காரன் வந்து ராயப்பன்பட்டிக்காரி காசைப் பிடிக்கப் போறானாக்கும்!"

உமா அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

உத்தமபாளையத்தில் வருமான வரிக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் மகிமாவிடம் ஜெசி அதைக் கொண்டுபோனாள். மகிமா கணக்கைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "யாரும் எடுக்கலக்கா. அங்க வித்த படத்துக்கு அந்த நாட்டு அரசாங்கம் முப்பது சதவீதம் வரி பிடிச்சிருக்கு. நமக்கும் அவுகளுக்கும் ஒப்பந்தம் இருக்கு. வரி ஃபாரத்துல உங்க பான் நம்பரைக் குடுத்திருந்தா அதுல பாதிதான் பிடிச்சிருப்பாக. மத்ததையெல்லாம் நிரப்பி வச்சிருக்கு, அது மட்டும் காலியாக் கிடக்கு. உங்ககிட்ட யாரும் கேக்கலையா?"

கேட்டிருந்தாள். உமா போனிலும் கேட்டாள், நேரிலும் கேட்டாள். "யாருக்கும் பான் நம்பரைக் குடுத்துராத, உன் பேர்ல லோன் வாங்கிருவாக" என்று பிரபு சொன்னதைக் கேட்டுக்கொண்டு, நாளைக்கு நாளைக்கு என்று தட்டிக் கழித்தவள் ஜெசிதான். நம்பாமல் விட்டதால் போன பணம். அந்தப் பணத்துக்கு உமாவையே திருடி என்றாயிற்று.

"இல்ல, யாரும் கேக்கல" என்றாள் மகிமாவிடம். சொன்ன மாத்திரத்தில் காதெல்லாம் சுட்டது.

போனில் ஒரு சாரி சொன்னால் போதாதா என்றான் பிரபு. அவள் நேரில் போனாள். சங்கிலியம்மாள் முன்னால் நின்று, "தப்பு என்மேலதாம்மா. உமா ஒரு பைசா தொடல. அவ கேட்டதை நாந்தேன் குடுக்காம இருந்துட்டேன்" என்றாள்.

"அவ எடுத்தான்னு நான் என்னைக்கு நம்புனேன்?" என்றாள் சங்கிலியம்மாள். "ஆனா அன்னைக்கு இங்கன ரெண்டு பேரு இருந்தாளுக. தெருவெல்லாம் சொல்லியாச்சு. அவளுக வீட்டுலயும் போய்ச் சொல்லு, ஆத்தா."

ஜெசி போனாள். முதல் வீட்டில் உட்காரச் சொல்லவில்லை. இரண்டாம் வீட்டுக்காரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உனக்கு எப்படித்தேன் வாய் வந்துச்சு?" என்று ஒன்றே ஒன்று கேட்டாள்.

திரும்பி வந்தபோது உமா வாசலில் நின்றாள்.

"இனி சேந்து வேலை பாக்க வேணாம்க்கா" என்றாள். பிறகு, "பான் நம்பரைப் போடுறப்ப, கார்டுல இருக்குற மாதிரியே பேரைப் போடுங்க. எழுத்து மாறுனா ஏத்துக்க மாட்டாக" என்றாள்.

ஜெசி ஊருக்குப் பஸ் ஏறினாள். பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது. அனுமந்தன்பட்டியில் ஏறிய பெண்கள் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, கம்பியைப் பிடித்து நின்றபடியே வந்தார்கள்.